ஹவுஸ் சர்ஜன்: வீட்டில் இருப்பவரும் வந்துபோகிறவரும்

தமிழ்நாட்டில் ஏதாவது ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்குப் போய்ப் பாருங்கள். ஓர் இளம் மருத்துவர் ரத்த மாதிரிக் குப்பிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பார். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வு முடித்து ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில் இருப்பவர். கல்லூரிப் பதிவேட்டில் அவர் சி.ஆர்.ஆர்.ஐ. (கம்பல்சரி ரோட்டேட்டரி ரெசிடென்ஷியல் இன்டர்ன்); செய்தித்தாளில் பயிற்சி மருத்துவர். வார்டிலும் ஊரிலும் அவருக்கு வழங்கும் பெயரோ ஹவுஸ் சர்ஜன். அந்த ஓராண்டுக்கே ‘ஹவுஸ் சர்ஜன்சி’ என்று பெயர். குழந்தைகள் வார்டில் அவர் கத்தி பிடிப்பதில்லை, ஆனாலும் சர்ஜன். அது அவர் வீடும் இல்லை, ஆனாலும் ஹவுஸ். இந்தப் பெயர் வந்த வழியைத் தேடிப் போனால், அவருக்கு மேலே நிற்கும் ‘சீஃப்’பின் கதையும் கூடவே வருகிறது.

சர்ஜன் என்ற பாதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ‘கெய்ர்’ என்றால் கை, ‘எர்கோன்’ என்றால் வேலை. கையால் வேலை செய்பவர் என்ற பொருளில் பிறந்த சொல், லத்தீன், பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து சர்ஜன் ஆயிற்று. அங்கே மருந்து கொடுப்பவர் வேறு, அறுப்பவர் வேறு. அதனால் ஹவுஸ் பிசிஷியன், ஹவுஸ் சர்ஜன் என்று பயிற்சிப் பதவியிலும் இரண்டு பெயர்கள் இருந்தன. நம் வழக்கில் பிசிஷியன் உதிர்ந்துபோய், எந்தத் துறையில் பயிற்சி எடுத்தாலும் ஹவுஸ் சர்ஜன் என்றே நிலைத்தது. வேர்ப்பொருளை நினைத்தால் இது பொருத்தம்தான். லைன் போடுவது, ரத்தம் எடுப்பது, கதீட்டர் போடுவது, கட்டு மாற்றுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று அவருடைய நாள் முழுக்கக் கைவேலையாகவே கழிகிறது.

‘ஹவுஸ்’தான் ஆழமான பாதி. ஐரோப்பாவில் மருத்துவமனை ஒரு வீடாகத்தான் தொடங்கியது. பாரிஸின் பழைய மருத்துவமனைக்குப் பெயரே ‘ஓத்தெல் தியூ’, கடவுளின் இல்லம். நாம் ஆஸ்பத்திரி என்று சொல்லும் சொல்லின் வேரிலும் விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல் இருக்கிறது. நம் கல்வெட்டுகளில் வரும் ஆதுலர் சாலையும் நோயுற்றவர் தங்குமிடம்தான். காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பேசுகிறது.

வீடு என்றால் அதில் யாராவது இரவு தங்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய தரும மருத்துவமனைகளில் பெரிய மருத்துவர்கள் தங்கவில்லை. அவர்கள் சம்பளம் வாங்காத கௌரவ மருத்துவர்கள். வருமானம் வெளியே, பணக்கார வீடுகளில். வாரத்தில் சில நாள் வந்து வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறுவை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் போன பிறகு வருகிற விபத்தையும், நள்ளிரவில் பெருகும் ரத்தத்தையும் பார்க்க உள்ளேயே தங்கும் ஓர் இளைஞர் தேவைப்பட்டார். அவர்தான் ஹவுஸ் சர்ஜன். அவருக்கும் கீழே, காயங்களுக்குக் கட்டுப் போடும் ‘டிரஸ்ஸர்’கள் இருந்தார்கள்.

ஆங்கிலக் கவி ஜான் கீட்ஸ் 1815 அக்டோபரில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, மறு ஆண்டு டிரஸ்ஸர் ஆனார். அங்கே டிரஸ்ஸர்கள் வாரம் ஒருவராக முறைவைத்து மருத்துவமனைக்குள்ளேயே தங்குவார்கள். அந்த வாரம் வாசலுக்கு வரும் அவசர நோயாளி அவர் பொறுப்பு. கீட்ஸுக்கு வாய்த்த மேலதிகாரி வில்லியம் லூகாஸ், கை நிதானமில்லாத அறுவை மருத்துவர் என்று பெயரெடுத்தவர். அதே மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர் என்ற பேராசான் இருந்தார். இளைஞர்கள் அவர் வகுப்புக்கு முண்டியடித்தார்கள். யாரிடம் போய்ச் சேருகிறோம் என்பது பயிற்சி பெறுபவரின் கையில் இல்லை. அன்றும் இல்லை, இன்று எந்த யூனிட்டில் போஸ்டிங் விழும் என்று அறிவிப்புப் பலகையைப் பார்த்து நிற்பவர் கையிலும் இல்லை.

இந்தப் பெயர் சென்னைக்கு ஆங்கிலேயரோடு வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி 1835இல் தொடங்கியது. 1912இல் அங்கே பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் என்று அறியப்படுகிறார். ஆண்கள் மட்டும் தங்கிவந்த ‘வீட்டு’க்குள் ஒரு பெண் அந்தப் பெயரோடு நுழைந்தது சின்ன விஷயம் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதே ஆளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். பாரிஸ் மருத்துவமனைகளில் 1802இல் மாணவர்களைத் தேர்வு வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். வெளியிலிருந்து வந்து போகிறவர் ‘எக்ஸ்டெர்ன்’. உள்ளேயே தங்கி, உள்ளேயே சாப்பிட்டு, இரவுக் காவல் இருப்பவர் ‘இன்டெர்ன்’. இன்று கணினி நிறுவனத்திலும் தொலைக்காட்சி அலுவலகத்திலும் சேரும் எல்லா இன்டர்னுக்கும் முப்பாட்டன் அந்தப் பாரிஸ் வார்டுக்காரர்தான். அமெரிக்கர்கள் இன்டர்னை எடுத்துக்கொண்டு அதற்கு மேலே ‘ரெசிடென்ட்’ என்ற படியைக் கட்டினார்கள். குடியிருப்பவர் என்று பொருள். நம் அரசு மருத்துவமனைகளில் ஆர்.எம்.ஓ. என்று அழைக்கப்படும் நிலைய மருத்துவ அலுவலரின் ‘ஆர்’ இதே ரெசிடென்ட். இலங்கைத் தமிழர் இன்டர்ன்ஷிப்பை ‘உள்ளகப் பயிற்சி’ என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல்லின் உள்ளே இருப்பதைச் சிந்தாமல் எடுத்த சொல் அது. தமிழ்நாட்டுப் ‘பயிற்சி மருத்துவர்’ என்பதில் பயிற்சி இருக்கிறது, இருப்பிடம் தொலைந்துவிட்டது. வடமொழியில் மாணவனுக்கு ‘அந்தேவாசி’ என்ற பெயர் உண்டு. ஆசிரியரின் அருகில் வசிப்பவன் என்று பொருள். ஒன்றுக்கொன்று தொலைவில் வழங்கிய மொழிகள், கற்றுக்கொள்பவனை அவன் எங்கே தங்குகிறான் என்பதை வைத்தே அழைத்திருக்கின்றன.

மேலே இருப்பவருக்கு வந்த பெயர்கள் எதிர்த்திசையில் போகின்றன. அவர் தங்குபவர் அல்லர், பார்ப்பவர். பழைய பெயர் ‘விசிட்டிங் பிசிஷியன்’. இன்றைய பொதுப்பெயர் ‘சூப்பர்வைசர்’. விசிட், சூப்பர்வைஸ் இரண்டும் ‘விதேரே’ என்ற ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை. பார்த்தல் என்று பொருள். தமிழிலும் இந்தச் சொந்தம் அப்படியே தெரிகிறது. மருத்துவமனை வாசலில் ‘பார்வையாளர் நேரம்’ என்று எழுதியிருக்கிறோம். உள்ளே இருக்கும் அதிகாரி ‘மேற்பார்வையாளர்’.

நமக்கு இதற்கு ஒரு பழஞ்சொல்லும் இருந்தது: கண்காணி. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியத்தைக் கண்காணி செய்தவர்கள் வருகிறார்கள். அது மதிப்பான பொறுப்பு. அதே சொல் 19ஆம் நூற்றாண்டில் ‘கங்காணி’ ஆகி, இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் போனது. ஊரிலிருந்து ஆள் திரட்டி, முன்பணக் கடனில் கட்டி, வேலை வாங்கியவர் கங்காணி. ஆங்கில அகராதிகளும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டன. தோட்டத்துத் தமிழர் பட்ட பாடு அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. கண்காணிப்பாளர் என்று நீட்டிக் காவல்துறைக்கும் அலுவலகங்களுக்கும் வைத்துக்கொண்டோமே தவிர, பழைய குறுஞ்சொல் மதிப்போடு திரும்பவில்லை. பார்த்தல் என்ற செயல் ஒன்றுதான். பார்க்கிறவர் யாருக்காகப் பார்க்கிறார் என்பதில் சொல்லின் சுவை மாறிவிடுகிறது.

வார்டில் யாரும் மேற்பார்வையாளர் என்று சொல்வதில்லை. ‘சீஃப்’ என்றுதான் சொல்கிறார்கள். சீஃப் ரவுண்ட்ஸ் வருகிறார், சீஃப் கேட்டார், சீஃபுக்குத் தெரியுமா. லத்தீனில் தலையைக் குறிக்கும் ‘காபுத்’ பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்தில் சீஃப் ஆயிற்று. நம் தலைவரிலும் தலைதான் இருக்கிறது. ஓட்டல் சமையலறையின் ‘ஷெஃப்’பும் அதே சொல். அங்கேயும் அவருக்குக் கீழே பயிற்சிக்காரர்கள் வெங்காயம் உரித்து நிற்கிறார்கள்.

மருத்துவமனையில் இந்த இரண்டு பெயர்களும் ஜோடியாக நிற்பதைக் காட்ட எனக்குத் தெரிந்த நல்ல இடம் எடின்பரோ. அங்கே 1873 முதல் 1875 வரை நோயாளியாகக் கிடந்த கவிஞர் வில்லியம் ஹென்லி, மருத்துவமனை வாழ்க்கையைக் கவிதை வரிசையாக எழுதினார். அதில் ஒன்றின் தலைப்பு ‘சீஃப்’, இன்னொன்றின் தலைப்பு ‘ஹவுஸ் சர்ஜன்’. அந்த சீஃப், ஜோசப் லிஸ்டர். காயத்தில் சீழ் பிடிப்பதைக் கார்பாலிக் அமிலத்தால் தடுத்து அறுவை மருத்துவத்தையே மாற்றியவர். அவரும் ஒரு காலத்தில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர்தான். 1854இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சைமின் கீழ் அந்தப் பதவியில் அமர்ந்தார். சைம் கறாரானவர், எதிரிகள் நிறைய. ஆனால் தன்னிடம் வந்த இளைஞனின் திறமையைக் கண்டதும் வார்டை நம்பி ஒப்படைத்தார். இரண்டு ஆண்டில் மகளையும் மணமுடித்துக் கொடுத்தார்.

அந்த நம்பிக்கையை லிஸ்டர் அடுத்த தலைமுறைக்குக் கடத்தியது கிளாஸ்கோவில். 1865 ஆகஸ்ட் 12ஆம் தேதி, வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு முறிந்து, தோல் கிழிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனை ராயல் இன்ஃபர்மரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் இப்படித் திறந்த முறிவு என்றால் காலை எடுப்பதும் உயிர் போவதும் சாதாரணம். காயத்தில் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணி வைக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. இந்த வரலாறு எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அந்தத் துணியை வைத்த கை யாருடையது என்பது பல புத்தகங்களில் இல்லை. அது மக்ஃபீ என்ற ஹவுஸ் சர்ஜனின் கை. நமக்கு இது தெரிவதற்குக் காரணம் லிஸ்டரேதான். 1867இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையில், என் ஹவுஸ் சர்ஜன் மக்ஃபீ என் சொற்படி இதைச் செய்தார் என்று பெயரோடு பதிவுசெய்திருக்கிறார். அதற்கு முன் மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றதையும், கையாண்ட முறை சரியில்லாததே காரணம் என்பதையும் அதே கட்டுரையில் சொல்கிறார். தோல்விக்கு யார் பெயரையும் எழுதவில்லை; வெற்றிக்கு இளையவன் பெயரை எழுதினார். ஒரு சீஃப் எப்படிப்பட்டவர் என்று அறிய இந்த இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எனக்கு வேறு சான்று வேண்டாம்.

இதற்கு நேர்மாறானவர்களைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே வகைப்படுத்திவிட்டார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு நான்கு உவமைகள் தருகிறார். நிர்வாகவியல் வகுப்பில் தலைமைப் பாணிகள் என்று சொல்லித்தருவதற்கு முன்னால் இவற்றைப் படித்துவிட வேண்டும் என்பது என் துணிபு. கழற்சிக் காய் போட்ட குடம்: போட்ட வரிசையில் காய் வராது, எது முதலில் விழும் என்று தெரியாது. ரவுண்ட்ஸில் நேற்று ஒன்றும் இன்று வேறொன்றும் சொல்லிக் குழப்புகிறவர் இவர். மடல் நிறைந்த பனை: ஏறவிடாது, தானாக விழுகிற பழத்தைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பஞ்சடைத்த குண்டிகை: கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத்தான் எடுக்க முடியும். வளைந்த தென்னை: நீர் ஊற்றி வளர்ப்பவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில். நோயாளியின் பதிவேடுகளை ராத்திரி உட்கார்ந்து திரட்டிய இளையவர் பெயர் ஆய்வுக் கட்டுரையில் காணாமல்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தென்னையைத் தெரியும்.

மடல்பனை ஒன்றின் அடியில் நின்றவர் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் பெர்லினுக்குப் பக்கத்திலுள்ள எபர்ஸ்வால்ட் மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தார். கை ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்த முடியும் என்று நம்பினார். சீஃப் ரிச்சர்ட் ஷ்னைடர் அனுமதி மறுத்தார். ஜெர்மன் மொழியிலும் அந்தப் பதவிக்கு ‘ஷெஃப்’ என்றே தொடங்கும் பெயர்தான். ஃபோர்ஸ்மன் கருவிகளின் சாவி வைத்திருந்த செவிலியரைச் சம்மதிக்கவைத்து, தன் கையிலேயே குழாயைச் செலுத்திக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படம் எடுத்தார். ஷ்னைடர் மறுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். உயிர் போகக்கூடிய காரியம் அது. படத்தைப் பார்த்தபின் அவர் அதன் மதிப்பை ஒப்புக்கொண்டார். ஃபோர்ஸ்மன் அடுத்துப் போய்ச் சேர்ந்த பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் சீஃப் சாவர்புருக், ஐரோப்பாவே கொண்டாடிய அறுவை மருத்துவர். அவர் ஃபோர்ஸ்மனை வெளியே அனுப்பினார். 1956இல் அதே பரிசோதனைக்காக ஃபோர்ஸ்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

கடுமை ஒரு பக்கம் என்றால் கைவிடுதல் இன்னொரு பக்கம். அமெரிக்காவில் ரெசிடென்ட் முறையை உருவாக்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் வில்லியம் ஹால்ஸ்டெட் ஒதுங்கியே இருப்பவர். அவரிடம் பயின்ற ஹார்வி குஷிங் பெரும்பாலும் தன்பாட்டில் கற்றுக்கொண்டு, மூளை அறுவை என்ற துறைக்கே முன்னோடி ஆனார். குஷிங்கால் முடிந்தது. எல்லாரும் குஷிங் இல்லை. அவரே பின்னாளில் சீஃபாக ஆனபோது இளையவர்களைக் கடிந்துபேசுவதில் பேர்போனவராக இருந்தார்.

நம்பிக்கை, கடுமை, கைவிடுதல் என்ற இந்த மூன்று பாணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் கர்ட் லெவின். நாஜி ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த உளவியலாளர். ஐயோவாவில் லிப்பிட், வைட் என்ற இருவரோடு சேர்ந்து, பத்து வயதுச் சிறுவர்களின் குழுக்களை முகமூடி செய்வதுபோன்ற வேலைகளில் ஈடுபடுத்தினார். குழுக்களுக்குச் சில வேளை ஆணையிடும் தலைவர், சில வேளை கலந்து பேசும் தலைவர், சில வேளை தலையிடாத தலைவர். 1939இல் வெளியான அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. தலைவரை வேண்டுமென்றே அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார்கள். ஆணையிட்டவர் போனதும் அந்தக் குழுவின் வேலை சரிந்தது. கலந்து பேசியவர் போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே நடந்தது.

ஹவுஸ் சர்ஜன் என்ற பெயருக்குள் இருப்பது இதே அறைதான். சீஃப் வெளியே போன பிறகு உள்ளே இருப்பவர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஆகவே சீஃபின் பாணியைக் காலை ரவுண்ட்ஸில் அளக்க முடியாது. அவர் இல்லாத இரவில்தான் அளக்க வேண்டும்.

நியூயார்க்கில் 1984 மார்ச்சில் 18 வயது லிபி சியோன் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாள் காலைக்குள் இறந்தார். அந்த இரவு அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சியில் இருந்த மருத்துவர்கள். பெரிய மருத்துவரோடு பேச்சு தொலைபேசியில். அதற்குப் பிறகு அமைந்த குழுவின் பரிந்துரைப்படி, 1989 முதல் நியூயார்க் மாநிலத்தில் பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டப்பட்டது. உலகம் முழுக்க அந்த 80 மட்டும் பேசப்பட்டது. குழுவுக்குத் தலைமை தாங்கிய பெர்ட்ராண்ட் பெல், நேரத்தைவிட மேற்பார்வைதான் முக்கியம் என்று பின்னரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நம் ஊர் மெடிக்கல் வார்டு ஒன்றை இரவு இரண்டு மணிக்குப் பார்ப்போம். மாலையில் சேர்ந்த பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது. ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறது. ஹவுஸ் சர்ஜன் முதலில் பி.ஜி. எனப்படும் முதுநிலை மாணவரைத் தேடுகிறார், அவர் வேறு வார்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்துக் கூப்பிட வேண்டியவர் ட்யூட்டி ஏ.பி., அதாவது பணியிலிருக்கும் உதவிப் பேராசிரியர்; அதற்கும் மேலே சீஃப். செல்போனில் பெயரை எடுத்துவிட்டு விரல் நிற்கிறது. காலையில் எல்லார் முன்னாலும், “இதுகூடத் தெரியாமலா பாஸ் பண்ணினே?” என்று கேட்கப்பட்டவராக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று நினைப்பார். அந்தப் பத்து நிமிடத்தில் பெரியவரின் நிலை கைமீறிப் போகலாம். “எத்தனை மணி ஆனாலும் கூப்பிடுப்பா, நான் எடுக்கலைன்னா திரும்பக் கூப்பிடு” என்று முதல்நாளே சொன்ன சீஃப் என்றால் உடனே கூப்பிடுவார். பிறகு கேஸ் ஷீட்டில், ஏ.பி.க்குத் தெரிவிக்கப்பட்டது, 2.10 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த ஒற்றை வரி இருக்கிறதா, எத்தனை மணிக்கு இருக்கிறது என்பதை வைத்து யூனிட்டின் தலைமையைச் சொல்லிவிடலாம்.

மாணவன் ஆசிரியரிடம் நெருப்புக் காய்பவனைப்போல, அகலாமலும் நெருங்காமலும் இருக்க வேண்டும் என்றும் நன்னூல் சொல்கிறது. பள்ளிக்கு அது சரியாக இருக்கலாம். இரவு வார்டில் அந்த இடைவெளியைக் குறைக்கும் பொறுப்பு நெருப்பினுடையது என்றே நினைக்கிறேன். நம் கல்லூரிகளில் இதற்கு ஒரு வழி தானாகவே பிறந்திருக்கிறது. சீஃப் ‘சார்’ அல்லது ‘மேடம்’. ஆனால் இடையில் இருக்கும் பி.ஜி. பெரும்பாலும் ‘அண்ணா’ அல்லது ‘அக்கா’. சாரிடம் கேட்க முடியாத கேள்வியை அண்ணாவிடம் கேட்கலாம். எத்தனையோ நோயாளிகளை அந்த உறவுச்சொல் காப்பாற்றியிருக்கிறது. சீஃப் நல்லவராக அமையாத யூனிட்டில் முழுப் பாரமும் அந்த அண்ணா, அக்காமேல் விழுகிறது. அவர்களும் பயிற்சியில் இருப்பவர்கள்தான்.

பெயர்கள் இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. சி.ஆர்.ஆர்.ஐ. என்பதில் இரண்டாவது ‘ஆர்’ ரெசிடென்ஷியல், உள்ளே தங்குகிற என்பதைக் குறித்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் கொண்டுவந்த விதிமுறையின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை. கட்டாயச் சுழற்சி மருத்துவப் பயிற்சி என்று மட்டும் இருக்கிறது. தங்க வேண்டிய இரவுகள் மட்டும் குறையவில்லை. ஹவுஸ் சர்ஜன் பிறந்த பிரிட்டனில் 2005இல் ஹவுஸ் என்று தொடங்கும் பதவிப் பெயர்களை விட்டுவிட்டு ஃபவுண்டேஷன் டாக்டர் என்று வைத்தார்கள். பேச்சுவழக்கில், ஆலோசகர் நிலைக்கு வராத எல்லாரையும் ‘ஜூனியர் டாக்டர்’ என்றார்கள். பத்து ஆண்டு அனுபவமுள்ளவரையும் ஜூனியர் என்பது சிறுமைப்படுத்துகிறது என்று மருத்துவர் சங்கம் போராடி, 2024 செப்டம்பரில் பெயரை மாற்றவைத்தது. புதிய பெயர் ‘ரெசிடென்ட் டாக்டர்’.